பெயர் அழிந்த பேட்டரி மைக்: ஒரு நிகழ்வு ஆய்வு

செய்யாறு பக்கம் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் பழுது பார்ப்பது என் தொழில். கோடை பிறந்து திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறிவிட்டால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அப்படியொரு நாளில்தான் தெரிந்த தம்பி ஒருவன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை மேசையில் வைத்தான். பிரித்தால், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு அலுமினியக் குழாய், நுனியில் கம்பி வலை, பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்ச், வால் போல மெல்லிய வயர்.

"அண்ணே, இது அப்பாவோடது. ஓடுமான்னு பாருங்க. ஓடலன்னாலும் பரவால்ல, இது என்ன மைக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவன் அப்பா தமிழாசிரியர். 1978 தொடங்கி பல வருஷம், கூத்து நடக்கிற ஊருக்கெல்லாம் பேட்டரிக் கட்டை போடும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்தவர். புரிசையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தெருக்கூத்துக்குப் பேர்போனவை. அலைவதற்கு அவருக்கு இடத்துக்குக் குறைவே இல்லை. அவர் காலமான பிறகு வீட்டில் 31 கேசட்டுகள் மிஞ்சின. மகன் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். பாட்டு கேட்கிறது, கட்டியங்காரன் பேச்சு கேட்கிறது, முகவீணைக் குழல் காதைத் துளைக்கிறது. மத்தளம் மட்டும் தகர டப்பாவைத் தட்டியது போல இருக்கிறது. டேப் கெட்டுவிட்டது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மைக்கே அப்படித்தானா என்பது அவன் சந்தேகம். மைக்கின் அடையாளத்தை அவன் கேட்டது வெறும் ஆசையால் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடையாளம் தெரிந்தால்தான் கேசட்டுக்கு வைத்தியம் பார்க்க முடியும்.

கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த வெள்ளித் தடம்தான் மிச்சம். சுவிட்ச் பக்கத்தில் மூன்று குறிகள் மட்டும் தப்பியிருந்தன: ஆஃப், எம், வி. குழாயின் அடியில், '600 ஓம்' என்று பொடி எழுத்தில் இருந்தது.

எந்தப் பழைய மைக் வந்தாலும் மின்சாரம் கொடுப்பதற்கு முன் பின்னில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்ப்பேன். டைனமிக் மைக் என்றால் உள்ளே கம்பிச்சுருள் இருக்கும். மீட்டர் சில நூறு ஓம் காட்டும். இதில் முள் அசையவே இல்லை. வயர் அறுந்திருக்கலாம், அல்லது வழியில் ஒரு கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தை மறித்திருக்கலாம். அந்த ஒரு அளவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. குழாயின் அடிமூடியைத் திருகினேன். நகரவில்லை. ரப்பர் துணி சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

உள்ளே ஒரே ஒரு பென் டார்ச் பேட்டரி, ஊதிப்போய், குழாய்ச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. பேட்டரி கசிவில் இரண்டு சாதி உண்டு. பழைய துத்தநாக-கார்பன் கட்டையில் வெளித் தகடே ஒரு மின்முனை. ஓட ஓட அந்தத் தகடே கரைந்து ஓட்டையாகி உள்ளிருக்கும் குழம்பு வெளியே வரும். அந்தக் குழம்பு அமிலத் தன்மை உள்ளது. ஆல்கலைன் கட்டையில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். முன்னதைச் சமையல் சோடா கரைசலால் துடைக்க வேண்டும், பின்னதை வினிகரால். மாற்றிச் செய்தால் பயன் இல்லை, அரிப்பும் அதிகமாகலாம். எது என்று பார்க்க எங்கள் கடையில் மஞ்சள் தூள்தான் சோதனைச்சாலை. ஈரப் பஞ்சில் மஞ்சளைத் தொட்டு அழுக்கின் மேல் வைத்தால், காரமாக இருந்தால் ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் போலச் சிவந்துவிடும். இது மஞ்சளாகவே இருந்தது. ஆக துத்தநாக-கார்பன். சோடா கரைசலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். முழு நேரமும் மைக்கைத் தலை மேலாக நிறுத்தியே வேலை பார்த்தேன். ஒலியை மின்சாரமாக்கும் நுனி உறுப்பான கேப்சூல் பக்கம் ஒரு சொட்டு ஈரம் ஏறினாலும் கதை முடிந்தது.

துடைத்த பிறகுதான் முதல் சாட்சி வெளியே வந்தது. ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த தகட்டில், துருவுக்கு அடியில், 'யூஎம்-3' என்று அச்சு குத்தியிருந்தது. நாம் டபுள் ஏ என்று சொல்லும் அளவுக்கு ஜப்பான்காரர்கள் வைத்திருந்த பெயர் அது. பெரிய டார்ச் கட்டை யூஎம்-1, நடுத்தரம் யூஎம்-2. ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ செய்த மைக்கின் தகட்டில் அந்தக் குறியைக் குத்த மாட்டார்கள். அடுத்த சாட்சி, உள்ளே போர்டைப் பிடித்திருந்த இரண்டு திருகுகள். கூட்டல் குறித் தலையின் ஓரத்தில் ஊசி குத்தியது போல ஒரு சின்னக் குழி இருந்தது. அது ஜப்பானியத் தரத் திருகுகளில் வரும் அடையாளம். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு அழுத்தினால் தலை வழுக்கிவிடும். பக்கத்துச் செல்போன் கடையில் பொருத்தமான முனையை வாங்கி வந்தேன்.

போர்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தீப்பெட்டி அகலத்தில் பழுப்பு நிறத் தகடு. சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று மூன்று பட்டை போட்ட 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. சுவிட்ச். அங்கிருந்து கேப்சூலுக்கு இரண்டே வயர்.

இந்த ஏழ்மையே ஒரு பெரிய தகவல். கம்பிச்சுருள் மைக்குக்குப் பேட்டரி வேண்டாம், ஆக இது காண்டென்சர் வகை. காண்டென்சர் மைக் என்றால் மெல்லிய படலமும் அதன் பின்னால் ஒரு தகடும். இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் இருக்க வேண்டும். படலம் அசைந்தால் மின்னழுத்தம் அசையும். 1916-இல் அமெரிக்காவின் வென்டே இந்த மைக்கை உருவாக்கியபோதிலிருந்தே அந்த மின்னேற்றத்தை வெளியிலிருந்து, பத்துக் கணக்கிலோ நூற்றுக் கணக்கிலோ வோல்ட்டாகக் கொடுத்தாக வேண்டியிருந்தது. 1.5 வோல்ட் கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு அந்த வோல்ட்டேஜை உண்டாக்க வேண்டுமானால் ஆசிலேட்டரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் வேண்டும். இங்கே ஒன்றுமே இல்லை. அப்படியானால் மின்னேற்றம் கேப்சூலுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது, அதாவது இது எலக்ட்ரெட். பேட்டரியின் வேலை, படலத்தின் நுண்ணிய அசைவை வெளியே தருவதற்காகக் கேப்சூலுக்குள் இருக்கும் எஃப்.இ.டி. டிரான்சிஸ்டரை ஓட்டுவது மட்டும்.

எலக்ட்ரெட் என்றதும் காலமும் கைக்கு வந்துவிடுகிறது. மெழுகில் மின்னேற்றத்தை உறைய வைக்கலாம் என்று ஜப்பானின் எகுச்சி 1919-லேயே காட்டிவிட்டார். ஆனால் மெழுகை வைத்து நம்பகமான மைக் செய்ய முடியவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962-இல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பயன்படுத்திச் செய்த பிறகுதான் அது நிலைத்தது. 1968-இல் சோனி அதை வணிக உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஆக, ஜப்பானில் செய்த இந்த மைக் 1968-க்கு முந்தியது அல்ல. ஆசிரியரின் முதல் கேசட்டின் மேல் அவர் கையெழுத்தில் 1978 என்று இருக்கிறது. அந்தப் பத்து வருஷ இடைவெளிக்குள் இது பிறந்திருக்கிறது. கம்பெனிப் பெயரைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஊகித்துச் சொல்லவும் மாட்டேன். பழைய சாமான் விற்கிறவர்கள் பெயர் தேய்ந்த மைக்குக்கெல்லாம் விலை ஏறும் பெயராகப் பார்த்து வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

கேப்சூலைச் சுற்றி, வலைக்குக் கீழே, குழாயில் நீளவாக்கில் துளைகள் வெட்டியிருந்தன. பின்பக்க ஒலி அந்த வழியாக நுழைந்து முன்பக்கத்தோடு கழிந்துபோக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. அதனால் இது கார்டியாய்டு, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஜாதி. இந்த ஜாதிக்கு ஒரு குணம் உண்டு: வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் அடித்தொனி ஊதிப் பெருக்கும். இந்தக் குணம் பின்னால் முக்கியமாகிறது.

இனி உயிர் கொடுக்கும் வேலை. ஸ்பிரிங் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ஒரு பழைய ரிமோட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். சுவிட்சுக்குள் கான்டாக்ட் கிளீனர் விட்டு ஐம்பது தடவை தள்ளினேன். வயர் அடிமூடி முனையில் உள்ளுக்குள் முறிந்திருந்தது. நான்கு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பத்தவைத்தேன். எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து போயிருந்ததால் அதையும் மாற்றினேன். புதுக் கட்டையைப் போட்டு, கேப்சூலின் நேர்முனையில் மீட்டரை வைத்தால் 1.52 வோல்ட். கட்டையில் இருப்பதும் 1.52. நடுவில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தும் ஒரு துளி வோல்ட்டேஜும் குறையவில்லை என்றால், கேப்சூலுக்குள் மின்னோட்டமே போகவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில் நிறையப் பேர் கேப்சூல் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதுக் கேப்சூலைப் பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். மைக் பேசும். ஆனால் அது அந்த மைக்காக இருக்காது. நான் லென்ஸை எடுத்துக் கேப்சூலின் முதுகைப் பார்த்தேன். எதிர்முனை வயரின் பிளாஸ்டிக் உறை நன்றாகத்தான் இருந்தது. உறையை மெல்ல அழுத்தினால் உள்ளே நொறுக்கென்று ஒரு உணர்வு. கீறிப் பார்த்தால் செம்பே இல்லை. பாசி நிறத்தில் பொடிதான் இருந்தது. கசிந்த குழம்பு உறைக்குள்ளேயே திரி போல ஏறி, நான்கு அங்குலம் மேலே வந்து கம்பியைத் தின்றிருந்தது. வெளியே தழும்பு ஏதும் தெரியவில்லை.

எலக்ட்ரெட்டுக்கு வெப்பம் ஆகாது. கேப்சூல் முனையை முதலைக் கவ்வியால் பிடித்து, அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, இரண்டு விநாடிக்குள் புது வயரைப் பத்தவைத்து எடுத்தேன். மறுபடி மீட்டர்: 1.08 வோல்ட். 0.44 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது, அதாவது 0.2 மில்லியாம்ப் ஓடுகிறது. எஃப்.இ.டி. உயிரோடுதான் இருக்கிறது. ஹெட்ஃபோனில் முதலில் வந்தது மழைக்கு முன் ரேடியோவில் வரும் சடசடப்பு மாதிரி. கேப்சூலில் ஈரம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்து என் பெயரைச் சொன்னேன். சுத்தமாகக் கேட்டது. ஒரு புது எலக்ட்ரெட்டோடு ஒப்பிட்டால் ஒலி மட்டம் கிட்டத்தட்ட 4 டெசிபெல் குறைவு. இத்தனை வருஷம் ஆன மின்னேற்றத்துக்கு அது பெரிய இழப்பு அல்ல.

ஆனால் மத்தளம்? என்னிடம் இருந்த கேள்வி அதுதானே. எம் என்பது இசைக்கு, வி என்பது குரலுக்கு என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து மைக்குகளில் பரவலாக இருந்த ஏற்பாடு. வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசும்போது ஊதுகிற அடித்தொனியைக் கழிக்கத்தான் வி. ஒலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸின் கிட்டார் சொருகுவாயில் அடாப்டர் போட்டுச் சொருகி, பையனை விட்டு மத்தளம் தட்டச் சொல்லி, எம்மிலும் வியிலும் பதிவு செய்தேன். இரண்டிலும் ஒரே ஒலி. சரி, 0.1 கெப்பாசிட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று நினைத்து அதைக் கழற்றக் கூடப் போய்விட்டேன். கழற்றி அளந்தால் அச்சில் இருந்தபடியே அளவு. கெப்பாசிட்டர் மேல் குற்றம் இல்லை. தப்பு என் சோதனையில்.

வி நிலையில் அந்தக் கெப்பாசிட்டர் ஒலி போகும் பாதையில் தொடராக நிற்கிறது. அது எவ்வளவு அடித்தொனியைத் தடுக்கும் என்பதை அடுத்த பக்கத்தில் எத்தனை ஓம் சுமை இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். கிட்டார் சொருகுவாயில் 10 லட்சம் ஓம் இருக்கும். அங்கே அது வெட்டும் இடம் 2 ஹெர்ட்ஸுக்கும் கீழே, காதுக்கு எட்டாத தூரம். அதே வியை இன்டர்ஃபேஸின் மைக் சொருகுவாயில் கொடுத்தால் அங்கே பெரும்பாலும் 1.5 முதல் 3 கிலோ ஓம்தான். வெட்டு 300, 400 ஹெர்ட்ஸ் வரை ஏறி, மத்தளமே காணாமல் போய்விடும். (அந்தச் சொருகுவாயில், வயர் வழியே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள், இந்த மைக் அதற்காகப் பிறந்தது அல்ல.) உண்மையான விடை ஆசிரியரின் டேப் ரெக்கார்டரில்தான் இருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டேன். "மோட்டார் சுத்தாதுண்ணே, பரணில கிடக்கு" என்றான். மோட்டார் எனக்கு வேண்டாம் என்றேன். பெட்டியைத் திறந்தால் மைக் ஜாக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று பத்தவைத்திருந்தது. மைக்கின் 2.2-ஐயும் கூட்டினால் 12.2 கிலோ ஓம். 0.1 மைக்ரோஃபாரடோடு கணக்குப் போட்டால் வெட்டு தொடங்கும் இடம் 130 ஹெர்ட்ஸ். 65 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் போய்விடும், அதற்குக் கீழே இன்னும் வேகமாக. மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து ஆழ ஒலி இருக்கும் இடம் அதுதான். அதோடு ஆசிரியர் மைக்கை யார் வாயருகேயும் பிடித்தவர் அல்ல. ஆறேழு அடி தள்ளி ஒரு முக்காலியில் வைத்தவர். பக்கத்தில் பிடித்தால் கிடைக்கும் ஊதலும் இல்லை, அந்த ஊதலைக் கழிக்க வைத்த வெட்டு மட்டும் உண்டு. கிட்டார் சொருகுவாயின் குறுக்கே நானும் ஒரு 10 கிலோ ஓம் போட்டு, ஆறடி தள்ளி மறுபடி பதிவு செய்தேன். வியில் கேட்டது அச்சு அசல் கேசட்டில் இருந்த தகர டப்பா.

ஏன் வி? அதற்கான சாட்சி முதல் நாளிலிருந்தே என் கண் முன்னால் இருந்தது, நான்தான் அழுக்கு என்று விட்டுவிட்டேன். சுவிட்சைச் சுற்றி நீள்சதுரமாக, விரல் வைத்தால் பிசுபிசுக்கும் ஒரு பழுப்புக் கறை. செலோடேப் ஒட்டி, காய்ந்து, உதிர்ந்த பசை. கறையின் நடுவே வெறுமையாக இருந்த இடம், சுவிட்ச் வியில் நிற்கும்போது அதன் குமிழ் இருக்கும் இடம். மூன்று நிலைச் சுவிட்ச். எம் நடுவில் இருப்பதால் கை பட்டால் ஆஃபுக்கு நழுவும். வி கடைசி, அங்கே தள்ளி டேப் ஒட்டினால் அசையாது.

தம்பியிடம் ஆரம்பக் கேசட்டுகளை மட்டும் வரிசையாகக் கேட்கச் சொன்னேன். அன்று ராத்திரியே போன் வந்தது. முதல் இரண்டில் மத்தளம் நிறைவாக இருக்கிறது. மூன்றாவதின் இரண்டாம் பக்கத்தில் நடுவே பத்து நிமிஷம் பாட்டே இல்லை, 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும். பிறகு 'டக்' என்று ஒரு ஒலி, ஒரு செருமல், கூத்து திரும்ப வருகிறது. அந்த இடத்திலிருந்து தகர டப்பா. "அந்தச் செருமல் அப்பாதாண்ணே" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பத்து நிமிஷக் கூத்து கை நழுவிப் போன வேதனையில், அதற்குப் பிறகு ஒரு விநாடியும் போகக் கூடாது என்று அவர் ஒட்டிய டேப் அது. சுவிட்ச் அணைக்கவே படாததால் கட்டை ராப்பகலாக ஓடியிருக்கிறது. 0.2 மில்லியாம்ப் என்பது எறும்பு தின்கிற அளவு; 1000 மில்லியாம்ப்-மணி கொண்ட ஒரு கட்டை அதில் 5000 மணி நேரம், 200 நாளுக்கு மேல் தாங்கும். மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வராது. கடைசியாகப் போட்ட கட்டை அப்படியே உள்ளே தீர்ந்து, தகடு கரைந்து, ஒழுகி, வயர் உறைக்குள் ஏறியிருக்கிறது.

கேசட்டுகளில் தீராத ஒரு குறையும் உண்டு. சிலவற்றில் முகவீணை உச்சிக்கு ஏறும்போது ஒலி கிழிகிறது. பவர் சப்ளையில் 1.1 வோல்ட் மட்டும் கொடுத்து மைக்கின் முன்னால் முகவீணை ஊதிப் பார்த்தோம், அதே கிழிசல். எஃப்.இ.டி.க்கு அசைய இடம் இல்லாமல் அலையின் தலை நசுங்குகிறது. கட்டை இறங்கிய காலத்துப் பதிவுகள் அவை. நசுங்கியதை மீட்க முடியாது. மத்தளத்தை மீட்கலாம்: வெட்டுக்கு நேர் எதிராக 130 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல், 65-இல் 7 என்று ஈக்வலைசரில் ஏற்றி, 9 டெசிபெலுக்கு மேல் போகாமல் நிறுத்தி, 40-க்குக் கீழே துண்டித்தோம். அதற்குக் கீழே இருப்பது ரெக்கார்டர் மோட்டாரின் உறுமல்தான். முதல் இரண்டு கேசட்டையும் தொடக்கூடாது, மூன்றாவதில் அந்த 'டக்' வரைக்கும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

மைக்கைக் கொடுக்கும்போது வயரில் ஒரு அட்டை கட்டினேன்: ஜப்பான், 1968–78, எலக்ட்ரெட், கார்டியாய்டு, டபுள் ஏ ஒன்று, கூத்துக்கு எம்மில் வைக்கவும். தம்பி அதைப் படித்துவிட்டு, அடிமூடியைத் திருகிக் கட்டையை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பசையைத் துடைச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே. அது இருக்கட்டும்."